செலினின் இடது புருவம்

"டீச்சர், முகத்துல கண்ணு மூக்கு வைக்கணுமா, வேண்டாமா? இன்னைக்கு ஒரு முடிவு சொல்லிருங்க" என்றார் சவரிமுத்து.

பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் ஹசீனா வெக்டர் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறாள். கம்ப்யூட்டரில் புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோட்டால் இணைத்து, நிறம் நிரப்பி முகம் வரைகிற வித்தை. டீச்சருக்கு வயது முப்பது. மாணவருக்கு ஐம்பத்துமூன்று.

வகுப்பில் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்குக் கண்ணும் ஆகாது, மூக்கும் ஆகாது. நாலே நிறத்தில் ஆளைக் காட்டிவிட வேண்டும். மறு கட்சி இமை முடியைக்கூட எண்ணி எண்ணி வரையும். வாட்ஸப் குழுவில் இவர்கள் அடித்துக்கொள்ளாத நாள் கிடையாது. நடுவில் மாட்டிக்கொண்டவர் சவரிமுத்து.

வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு அவருக்கும் செலினுக்கும் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். அன்றைக்கு அவள் படத்தைத் தன் கையால் வரைந்து, சட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று மனுஷனுக்கு ஆசை.

"மூணு விதமா வரைஞ்சிட்டேன் டீச்சர். கண்ணு மூக்கு இல்லாம ஒண்ணு. எல்லாம் வச்சு ஒண்ணு. பாதிக்குப் பாதி ஒண்ணு."

"வீட்ல காட்டினியளா?"

"சும்மா காட்டுற மாதிரி அவ போனுக்கு அனுப்பினேன். நல்லாத்தான் இருக்கு, யாரு இந்தப் பொம்பளன்னு கேட்டா."

"எந்தப் படத்துக்கு?"

"மூணுக்கும்."

பாவம், நாலு மாதம் கண் எரிய உட்கார்ந்து வரைந்தவர்.

ஹசீனா படத்தைத் திறந்தாள். போட்டோவை அடியில் வைத்து அதன்மேல் வரைவது இவர்கள் வழக்கம்; படத்தை வெளியே அனுப்பும்போது அடியில் இருக்கும் போட்டோ வராது. சவரிமுத்து தன் நிறங்களை மெலிதாக வைத்திருந்தார். போட்டோவில் இருந்த செலின் அவற்றின் வழியே நன்றாகத் தெரிந்தாள்.

"நாலு மாசமும் இப்படியேதான் பாத்தியளா?"

"ஆமா. அச்சு அசல் அவள மாதிரிதான இருக்கு?"

ஹசீனா அடியில் இருந்த போட்டோவை மறைத்தாள்.

திரையில் யாரோ ஒரு பெண் இருந்தாள்.

சவரிமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்த்தார். அப்போதும் அவள் யாரோதான்.

ஹசீனா போட்டோவை அடியோடு அழித்தாள். அவர் வரைந்ததையும் அழித்தாள். வெள்ளைத் திரை மிஞ்சியது.

"வரைங்க அண்ணாச்சி."

"போட்டோ இல்லாம எப்படி வரைய?"

"அந்தப் போட்டோ எடுக்க எவ்வளவு நேரம் ஆச்சு?"

"என்ன, ஒரு நிமிஷம் ஆயிருக்கும்."

"நீங்க அவங்கள இருபத்தஞ்சு வருஷமா பாக்குறியளே" என்று சொல்லிவிட்டு ஹசீனா டீ வாங்கக் கீழே இறங்கிவிட்டாள்.

சவரிமுத்துவுக்குக் கோபமான கோபம். பையை எடுத்துக்கொண்டு கிளம்ப எழுந்தார். அப்போது போன் அடித்தது.

"மணி ரெண்டாச்சு. சாப்பிட வாறியளா, இல்ல அங்கனயே குடியிருக்கப் போறியளா?" என்றாள் செலின்.

அவர் பையைக் கீழே வைத்தார்.

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது அவள் இடது புருவம் எவ்வளவு ஏறும் என்று அவருக்குத் தெரியும். வலது புருவம் அசையாது. சிரிப்பை அடக்குவதில் உதட்டோரம் கொஞ்சம் கோணும்.

"இந்தா வந்திட்டேன்" என்று சொல்லிவிட்டு, திரும்ப உட்கார்ந்து ஒரு புள்ளி வைத்தார்.

ஹசீனா கொண்டுவந்து வைத்த டீயில் ஆடை படிந்தது. அவர் தொடவில்லை.

முடிந்தபோது புருவத்தில் மட்டும் நாற்பது கோடு இருந்தது. கூந்தல் ஒரே கறுப்புத் திட்டு. மூக்கு வைக்கவே மறந்துபோயிருந்தார்.

படத்தைக் குழுவில் போட்டார். இரண்டு கட்சியும் முதல்முறையாக ஒன்றுகூடித் திட்டின. இது எந்தப் பாணியிலும் சேராது என்றார்கள்.

"டீச்சர், மூக்கு வைக்கட்டுமா?"

"ஞாயித்துக்கிழம அவங்ககிட்டயே கேளுங்க."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சட்டம் போட்ட படத்தைச் செலின் கையில் கொடுத்தார். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

செலினின் இடது புருவம் மெல்ல ஏறியது.

"நான் எப்ப உங்கள இப்படி முறைச்சேன்?" என்றாள்.