பேரை நான் சொல்லவே இல்லை!

சருகுமானுக்கு வயிறு பற்றி எரிந்தது. தண்ணீர் குடிக்க வந்த முயல்குட்டியைக் குளத்துக் காவல்காரக் கழுதைப்புலி கவ்விக்கொண்டு போனதை அது கண்ணால் பார்த்துவிட்டது. அந்தப் பாவியோ, "ஐயோ, முதலை இழுத்துட்டுப் போயிடுச்சு!" என்று காட்டையே கூட்டிக் கத்தினான். காவலாம் காவல்!

அந்தக் காட்டில் புகார்களை விசாரிக்கும் வேலையை யானை ராஜா கொண்டலாத்திப் பறவையிடம் கொடுத்திருந்தார். கொண்டையை விரித்துக்கொண்டு மருதமரப் பொந்தில் அது உட்கார்ந்திருக்கும். சருகுமான் பயந்து பயந்து அங்கே போய்ப் பார்த்ததைச் சொன்னது.

"ஐயா, என் பேர் மட்டும் வெளியே வரக் கூடாது. எனக்கு இருக்கறது ஒரே குட்டி!"

"கவலைப்படாதேம்மா! என் உயிரே போனாலும் உன் பேர் வராது!"

கொண்டலாத்தி நேரே கழுதைப்புலியிடம் விசாரிக்கப் போனது.

"வாங்க, வாங்க!" கழுதைப்புலி மண்ணைத் தோண்டிக் கொழுத்த புழுக்களாக எடுத்து முன்னால் வைத்தது. "என் மேல யாருங்க புகார் சொன்னது?"

"பேரா? மூச்! அதை மட்டும் சொல்லவே மாட்டேன்!" கொண்டலாத்தி ஒரு புழுவை விழுங்கியது. "பாவம், முயல் அளவுகூட இருக்காது. உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. ஒத்தைக் குட்டியை வச்சுக்கிட்டு நடுங்குது!"

கழுதைப்புலி அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் சருகுமான் மேய்ந்துவிட்டுத் திரும்பியபோது, அதன் புதர் பிய்ந்து கிடந்தது. குட்டியைக் காணோம்.

அலறிக்கொண்டே ராஜாவின் சபைக்கு ஓடியது. "கொண்டலாத்தி என்னைக் காட்டிக்கொடுத்துட்டான், ராஜா! என் குட்டி போச்சே!"

"அபாண்டம்! பேரை நான் சொல்லவே இல்லை! வெள்ளைப் புள்ளி, முயலைவிடச் சின்னது, அவ்வளவுதான் சொன்னேன்!"

ராஜா சபையைப் பார்த்தார். "இவன் சொல்றது யாரை?"

"சருகுமானை!" என்று அணில்குஞ்சு வரை கத்தியது.

ராஜா அந்த இடத்திலேயே கொண்டலாத்தியை வேலையை விட்டு விரட்டினார். பிறகு கேட்டார்: "கழுதைப்புலியைத் தண்டிக்க இன்னொரு சாட்சி வேணும். வேற யார் பார்த்தீங்க? பயப்படாம சொல்லுங்க!"

பார்த்தவர்கள் இருந்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த முயலே அங்கேதான் நின்றது, மிச்சமிருந்த குட்டியை இறுக்கி அணைத்துக்கொண்டு.

"சொல்லுங்களேன்! வாயைத் திறங்களேன்!" சருகுமான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கெஞ்சியது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

சபை ஓரத்தில் எல்லோரையும் முறைத்துக்கொண்டு நின்ற கழுதைப்புலி உடம்பை உதறிக்கொண்டு மறுபடியும் குளத்துக் காவலுக்கே போனது. கேட்டீர்களா இந்த அநியாயத்தை!

புகார் சொன்னவரின் அடையாளத்தைக் கசியவிடும் அதிகாரி, பேரைச் சொல்லாவிட்டாலும் காட்டிக்கொடுத்தவனே. அவனால் ஊரே ஊமையாகிவிடும்.