பெருச்சாளிக்குக் கிடைத்த தனிச் சந்நிதி

காட்டோரத்துப் பழைய பிள்ளையார் கோயிலில், மடப்பள்ளிச் சுவருக்குள் ஒரு பெருச்சாளி வளை தோண்டி வசித்தது. அதற்கு உடம்பில் கொழுப்பு. வாயில் அதைவிடக் கொழுப்பு!

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. உச்சிப் பொழுதில் சாமிக்கு நைவேத்தியம் ஆகி மணி அடித்ததும், குருக்கள் பலிபீடத்தில் ஒரு பிடி சோறு வைப்பார். அதை நம்பித்தான் காகமும் அணிலும் இருந்தன. அணில் அப்போதுதான் குட்டி போட்டிருந்தது. அது சாப்பிட்டால்தான் குட்டிகளுக்குப் பால்.

பெருச்சாளி இவர்களைப் பார்த்து இளித்தது. "மணி அடிக்கிற வரைக்கும் காத்துக் கிடங்க, பஞ்சப் பரதேசிகளா! சந்நிதிக்கு எதிரே கல்லுல உட்கார்ந்திருக்காரே, அவர் என் கொள்ளுத்தாத்தா! சாமியோட வாகனம்! நான் முதல்ல சாப்பிட்டுத்தான் சாமிக்கே!"

"உன் தாத்தா கையில கொழுக்கட்டை இருக்கு. ஒரு நாளாவது கடிச்சிருக்காரா?" என்றது அணில்.

பெருச்சாளிக்கு அது உறைக்கவில்லை. நேராக மடப்பள்ளிக்குள் போய்ப் பொங்கல் பானையில் வாயை வைத்தது.

அங்கே சமையல்காரர் வாயில் துணி கட்டிக்கொண்டு சமைப்பவர். தன் மூச்சுக் காற்றுகூடப் படக்கூடாது என்பார். அவர் பானையில் ரோமத்தைப் பார்த்தார். எச்சில் பட்டதைச் சாமிக்கு வைக்கலாமா? முழுப் பொங்கலையும் குழிவெட்டிப் புதைத்தார். அன்று பிள்ளையாருக்கு வெறும் வெல்லக்கட்டிதான். பலிபீடம் காய்ந்து கிடந்தது.

"பாவி! என் குட்டிங்க பட்டினி! சாமியும் பட்டினி!" என்று அணில் அழுதது.

"சாமி கோவிச்சுக்க மாட்டார். நாங்க ஒரே குடும்பம்!" என்று பெருச்சாளி ஏப்பம் விட்டது.

மறுநாள் காலை வளை வாசலில் ஒரு மரப்பெட்டி இருந்தது. கதவு மேலே தூக்கியிருந்தது. உள்ளே ஒரு வடை தொங்கியது.

"பார்த்தீங்களா! எனக்குத் தனிச் சந்நிதி! தனி நைவேத்தியம்!"

அணில் மூக்கைச் சுளித்தது. "வெங்காய வாசனை அடிக்குதே! எந்தக் கோயில்ல நைவேத்தியத்துல வெங்காயம் போடுறாங்க? அது டீக்கடை மசால் வடை!"

"கோயில் வழக்கத்தை எனக்கே சொல்லித் தர்றியா? வழி விடு!"

பெருச்சாளி தலை நிமிர்ந்து உள்ளே போனது. வடையைக் கடித்தது. படார்! கதவு விழுந்தது.

"பயப்படாதீங்க! நைவேத்தியம் நடக்கும்போது திரை போடுறதுதான் முறை!" என்றது உள்ளிருந்து.

காகம் சிரித்துச் சிரித்துக் கிளையிலிருந்து விழப் பார்த்தது.

சமையல்காரர் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்தார். கல் மூஷிகம் கையில் கொழுக்கட்டையோடு சாமியையே பார்த்துக்கொண்டிருந்தது.

"திரையை எப்ப எடுப்பாங்க?" பெட்டிக்குள்ளிருந்து வந்த குரல் இப்போது நடுங்கியது.

உச்சிக்கால மணி அடித்தது. பலிபீடத்தில் சோறு விழுந்தது. அணில் வயிறாரத் தின்றுவிட்டுக் குட்டிகளிடம் ஓடியது. பெட்டிக்குள் இருந்ததை அதன்பின் யாரும் தேடவில்லை.

பரம்பரைப் பெருமை பேசத் தெரிந்து, பரம்பரை வழக்கம் தெரியாதவனுக்குப் பொறியும் சந்நிதியாகத்தான் தெரியும்.