கழுவின வண்டி

ஜவ்வாது மலைக்குக் கீழே, நாலு வழி ரோட்டோரம், தகரக் கொட்டகை போட்டு ஒருத்தி கடை வைத்திருந்தாள். பெயர் தில்ஷாத். வண்டிச் சக்கரம் நேராக நிற்கிறதா என்று பார்த்துச் சரிசெய்து கொடுக்கும் கடை. அந்தப் பக்கத்தில் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட பெண்களுக்கெல்லாம் அவள்தான் மாஸ்டர்.

பவுனுக்கும் அவள்தான் மாஸ்டர். பவுனு வயதில் மூத்தவள். இருந்தாலும் கற்றுக் கொடுத்தவள் ஆயிற்றே என்று "நீங்க" என்பாள். கற்றுக் கொடுத்தவளோ "அக்கா" என்று கூப்பிட்டு "நீ" என்பாள். ரெண்டு பேருக்கும் அது பழகிப் போயிருந்தது.

அன்றைக்கு உச்சி வெயிலில் பவுனு வந்து ஜீப்பை ஓரமாக நிறுத்தினாள். மலையூர் மகளிர் குழு புதிதாக வாங்கிய ஜீப். கல், சேறு எதுவானாலும் ஏறுகிற உயரமான வண்டி. தண்ணீர் சொட்டச் சொட்டப் பளபளவென்று நின்றது. இறங்கினவள் முகத்தில்தான் பளபளப்பு ஒன்றும் இல்லை.

"வாக்கா. எப்படி இருக்கே?"

"நல்லா இருக்கேன் மாஸ்டர்."

"பையன்?"

"அவனும் நல்லா இருக்கான்."

"மறுபடியும் ஆடுதா?"

"ஆடுது."

இது மூன்றாவது தடவை. மலைப்பாதையில் ஜீப் ஒரு தொந்தரவும் தராது. கீழே இறங்கி, நாலு வழி ரோட்டில் ஏறி, வேகம் பிடித்த பிறகுதான் அதன் குணம் மாறும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருக்கும்போதே வண்டி இந்தப் பக்கம் நகரும். இழுத்து விட்டால் அந்தப் பக்கம் போகும். பெரிய லாரி ஒன்று தாண்டிப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தவழ ஆரம்பித்த பிள்ளையைப் பிடித்து வைக்கிற மாதிரி, வேலூர் போய்ச் சேருகிற வரைக்கும் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

முதல் தடவை தில்ஷாத் சக்கரங்களை நேர் பார்த்தாள். சரியாக இருந்தது. அடுத்த தடவை டயருக்குக் காற்று பார்த்து, அடியில் படுத்து ஒவ்வொரு போல்ட்டையும் ஆட்டிப் பார்த்து, தானே கொஞ்ச தூரம் ஓட்டியும் பார்த்தாள். நூல் பிடித்த மாதிரி போயிற்று. ஜீப் வாங்கின இடத்தில் கேட்டதற்கு, உயரமான வண்டி அப்படித்தான் இருக்கும், ஓட்ட ஓட்டக் கை பழகிவிடும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

கை பழகவில்லை. உள்ளங்கை காய்ப்பு ஏறியதுதான் மிச்சம்.

"மாஸ்டர், இந்த வெள்ளிக்கிழமை குழு கூடுது" என்றாள் பவுனு. "அதுக்குள்ள சரியாவலைன்னா சாவிய வாங்கி டிராக்டர் ஓட்டற ஏழுமலைகிட்ட குடுத்துடுவாங்க. வயித்துப் புள்ளக்காரிங்க ஏறவே பயப்படறாங்க. தொட்டில் ஆட்டற கை, அதான் வண்டியும் ஆடுதுன்னு சாலம்மா சொல்லுது."

சாலம்மா குழுத் தலைவி. வாய் நீளம், மனசும் பெரிசு.

தில்ஷாத்துக்கு அந்தச் சாவியின் அருமை தெரியும். பவுனு பிரசவ வலியோடு தூளியில் கட்டித் தூக்கி வரப்பட்டவள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேராமல், பாதி இறக்கத்தில் ஒரு பாறை மேல் பெற்றெடுத்தாள். அதற்கப்புறம்தான் மலையூருக்கு ஜீப் வேண்டும் என்று பேச்சு எழுந்தது. யார் ஓட்டுவது என்று எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தபோது, கூட்டத்தில் வாயே திறக்காத பவுனு, "நான் ஓட்டறேன்" என்றாள். அதுவரை ஊருக்கு அவள் பெயரே சரியாகத் தெரியாது.

"மாஸ்டர், ஒண்ணு மட்டும் சொல்லுங்க. தப்பு வண்டியிலயா, என் கையிலயா?"

கேட்டுவிட்டுக் கீழே பார்த்தாள். பிள்ளைக்குப் பல் முளைக்கிற சமயம். ராத்திரி தூக்கம் என்பது விட்டு விட்டுத்தான். புருஷன் காபித் தோட்ட வேலைக்குக் கர்நாடகம் போயிருந்தான். மாமியாருக்கு வலது கை வராது. தண்ணீர் எடுத்து, சமைத்து வைத்து, பால் கொடுத்து, விடியுமுன் கிளம்பினால்தான் வேலூர் ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்க முடியும். இதெல்லாம் எல்லா வீட்டிலும் உள்ளதுதானே என்று யாரிடமும் சொல்லவில்லை. இன்னொன்றையும் சொல்லவில்லை. போன வாரம் திரும்பி வரும்போது ரோட்டில் அவள் கண் ஒரு நொடி மூடிக்கொண்டது. விழித்தபோது வண்டி வெள்ளைக் கோட்டின் மேல் இருந்தது. நல்ல வேளை, வேறு யாரும் ஏறியிருக்கவில்லை. அதிலிருந்து, வண்டி ஆடும்போதெல்லாம் ஆடுவது வண்டியா நானா என்று அவளுக்கே சந்தேகம்.

தில்ஷாத் ஜீப்பை ஒரு சுற்று சுற்றினாள். பின்கதவைத் திறந்தாள். கதவோரத்து ரப்பர் இடுக்கில் நகத்தை விட்டு எதையோ நெண்டி எடுத்து, பவுனின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது இன்னாக்கா?"

"சாமை."

"மூட்டை எங்க?"

"சந்தையில இறக்கிட்டேன். ஆளுங்களையும் இறக்கி விட்டுட்டு, ஏரியில வண்டிய கழுவிட்டு வரேன்."

"போன வாட்டி?"

"அப்பவும் அப்படித்தான்."

"அதுக்கு முந்தின வாட்டி?"

"எப்பவுமே கழுவிட்டுத்தான் மாஸ்டர் வருவேன்." பவுனின் குரலில் கொஞ்சம் பெருமை கூட இருந்தது. "உங்க கடைக்கு சேத்தோடயும் மூட்டையோடயும் வந்து நிப்பேனா?"

"கழுவினப்பறம் ஆடுச்சா?"

பவுனு யோசித்தாள்.

"இல்ல. இங்க வரும்போதும் போவும்போதும் சாதுவாத்தான் வரும். உங்க கை ராசின்னு நினைச்சுக்கினேன்."

தில்ஷாத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"நாளைக்கு வேலூர் போறியா?"

"போறேன். மஞ்சுளாவுக்கு ஸ்கேன்."

"போற வழியில வா. ஆளோட வா, மூட்டையோட வா. எதை எங்க வைப்பியோ அங்கயே வை. ஒண்ணையும் இறக்காதே. கழுவாதே."

"அசிங்கமா இருக்குமே மாஸ்டர்."

"இருக்கட்டும்."

மறுநாள் காலை ஜீப் வந்து நின்றபோது அதன் நிறமே தெரியவில்லை. முன் சீட்டில் சாலம்மா. நடுச்சீட்டில் மஞ்சுளா, அவளுடைய மாமியார், ஒரு கூடைக் கோழி. கடைசியில் கதவை முட்டிக்கொண்டு சாமை மூட்டைகள், புளி மூட்டைகள். மேலே கேரியரில், அதுவும் பின்னோரமாக, பலாப்பழங்கள்.

"எல்லாத்தையும் ஏன் கடைசியில திணிச்சே?" என்றாள் தில்ஷாத்.

"மஞ்சுளா காலை நீட்டி உக்காரணும். யார் கண்ணையும் உறுத்தாம பின்னாடி கெடக்கட்டுமேன்னு."

தில்ஷாத் எல்லாரையும் ஏறியபடியே இருக்கச் சொன்னாள். பவுனை மட்டும் கையைப் பிடித்து ஜீப்பின் பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப் போனாள்.

"இங்க நின்னு பாரு."

பவுனு பார்த்தாள். இத்தனை நாளில் அந்த வண்டியை அவள் தள்ளி நின்று பார்த்ததில்லை. பின்பக்கம் அடைக்கோழி மாதிரி உட்கார்ந்திருந்தது. மூக்கு வானத்தைப் பார்த்தது.

"முன்சக்கரம் ரோட்டை மிதிக்கணும்கா. இது தடவிக்கினு போவுது. நீ என்னதான் பிடிச்சாலும், அது எதைப் பிடிச்சுக்கும்?"



"இன்னாத்துக்கு ரெண்டு பேரும் எங்களை அங்கேருந்து மொறைக்கிறீங்க?" என்று சாலம்மா ஜன்னல் வழியாகக் கத்தினாள். "பொண்ணு பாக்க வந்தீங்களா?"

"உங்க பாரத்துல வண்டி மல்லாந்து கெடக்குதும்மா" என்று தில்ஷாத்தும் கத்தினாள்.

"நான் எளைச்சுப் போயி நாளாவுது. பலாப்பழத்தைச் சொல்லு!"

பலாப்பழங்கள் கீழே இறங்கின. இரண்டு மூட்டைகள் கடையில் தங்கின, திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம். மற்றவற்றை முன்னால் கொண்டுவந்து, நடுச்சீட்டுக்குக் கீழே படுக்கப் போட்டார்கள். மஞ்சுளா வீங்கின காலை ஒரு மூட்டை மேல் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"கஷ்டமா இருக்குதா மஞ்சு?" என்று பவுனு பதறினாள்.

"இதுதாங்க்கா சொகமா இருக்குது. தொங்கப் போட்டாத்தான் வலிக்கும். கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேனே."

சாலம்மாவை நடுச்சீட்டுக்கு அனுப்பிவிட்டு, தில்ஷாத் முன்னால் ஏறினாள். பவுனு கிளப்பினாள்.

நாலு வழி ரோட்டில் வேகம் ஏறியது. பவுனு வழக்கம்போல் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஒரு கண்டெய்னர் லாரி பக்கத்தில் உரசுகிற மாதிரி தாண்டிப் போயிற்று. ஜீப் அசையவில்லை. இன்னொன்று போயிற்று. அப்போதும் அசையவில்லை.

கோழிகள்கூடச் சத்தம் போடவில்லை.

"அடியே பவுனு" என்றாள் சாலம்மா மெதுவாக. "சாவி உன் இடுப்புலயே இருக்கட்டும். ஏழுமலை டிராக்டர ஓட்டட்டும்."

பவுனின் தோள் தளர்ந்தது. கழுத்து தளர்ந்தது. எத்தனையோ நாளாக இறுக்கிப் பிடித்திருந்த விரல்கள் தாமாகவே நெகிழ்ந்தன. பிடிக்க இனி ஒன்றும் இல்லை. ரோடு நேராகப் போயிற்று. ஜன்னல் காற்று முகத்தில் பட்டது. பிள்ளை தூங்கினபின் வீட்டுக்கு வருமே, அந்த மாதிரி ஓர் அமைதி. அவள் கண் மூடிக்கொண்டது.

ஜீப் ஆடவில்லை, குலுங்கவில்லை. நல்ல வண்டியாக, மெதுவாக, வெள்ளைக் கோட்டைப் பார்த்துப் போயிற்று.

ஸ்டியரிங் மேல் இன்னொரு கை வந்து விழுந்தது. பவுனு திடுக்கிட்டு விழித்தாள். தில்ஷாத்தின் கை. வண்டியைப் பாதைக்குக் கொண்டுவந்த பிறகும் அந்தக் கை விலகவில்லை.

"மறுபடியும் ஆடுதா?" என்றாள் மஞ்சுளாவின் மாமியார், பின்னாலிருந்து.

"இல்லம்மா. நான்தான் தொட்டுப் பார்த்தேன்" என்றாள் தில்ஷாத். பிறகு பவுனிடம், "அந்த டீக்கடையில ஓரங்கட்டுக்கா" என்றாள்.

பெண்கள் இறங்கி டீ குடிக்கப் போனார்கள். மஞ்சுளாவுக்கு டீயா பாலா என்று சாலம்மா கடைக்காரரோடு சண்டை பிடிக்கிற சத்தம் கேட்டது. முன் சீட்டில் இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள்.

பவுனு சாவியை உருவிக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். மாரில் பால் கட்டி வலித்தது. சொன்னால் சாவி போய்விடும் என்று நினைத்தாள். மஞ்சுளாவின் காலை நினைத்தாள். அந்தப் பாறையை நினைத்தாள்.

தில்ஷாத் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்தபடி கேட்டாள்.

"எப்படி இருக்கேக்கா?"

"நல்லா இருக்கேன் மாஸ்…"

"கழுவாம சொல்லு."