மருதாயி வீட்டுக் கும்பா

மடத்தில் தில்லைநாயகத்தைப் போலப் பணிவானவர் கிடையாது என்பார்கள். பெரிய பண்ணை வீட்டுப் பிள்ளை. இப்போது யார் யாரோ சாப்பிட்ட தட்டையெல்லாம் கழுவுகிறார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பண்ணையில் வேலை பார்த்துத் தன்னை வளர்த்த மருதாயியை ஒரு நாள் பார்த்துவிட்டு வந்தார். தன்னைவிட இளையவரான குருவின் முன் கண் கலங்கி உட்கார்ந்தார்.

“சின்ன வயசுல பக்கத்துல யாரும் இல்லாதப்போ ‘டேய் கருவண்டு’ன்னு கூப்பிடுவா சாமி. அதை இன்னொரு தடவை கேட்டுட மாட்டோமான்னு ஏங்கித்தான் போனேன். ‘சின்னய்யா’ன்னு கை கட்டி நிக்கிறா. உட்காருன்னு சொன்னாலும் உட்கார மாட்டேங்கிறா.”

“அந்தம்மா சாப்பிட ஏதாவது கொடுத்தாங்களா?”

“கும்பா நிறையக் கூழ் கொடுத்தா. ஆசையாக் குடிச்சேன்.”

“கும்பாவை யார் கழுவினது?”

தில்லைநாயகம் தலை குனிந்தார். அதை எங்கே வைத்தோம் என்பதுகூட நினைவில்லை.

மறுநாளே திரும்பப் போனார். கூழ் குடித்தார். கும்பாவை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தார். மருதாயி பதறி ஓடிவந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டார்.

“நான் என்ன தப்புப் பண்ணேன் சின்னய்யா? யாராச்சும் பாத்தா என்னைய என்ன நெனப்பாங்க?”

கும்பாவைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டு அழுதார். தில்லைநாயகமும் அழுதுகொண்டேதான் மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

“கழுவவே விடலை சாமி. அவ மாறவே மாட்டா.”

குரு கேட்டார். “நீங்க இங்க வந்த புதுசுல, சாப்பிட்ட தட்டை அங்கேயே விட்டுட்டுப் போவீங்க. ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“யார் எடுத்தது?”

“நீங்கதான். வருஷக்கணக்கா எடுத்தீங்க. ஒரு வார்த்தை சொன்னதில்லை.”

“அந்தம்மாவுக்கு நீங்க ஒரே ஒரு பொழுதுதான் கொடுத்திருக்கீங்க.”

“அவங்களுக்கு வயசாயிடுச்சு சாமி. இந்த மழைக்காலத்தைத் தாண்டறதே சந்தேகம். அவ்வளவு நாள் எங்க இருக்கு?”

குரு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“அப்புறம் இங்க யார் தட்டைக் கழுவத் திரும்பி வந்தீங்க?”