செங்குளத்து மனுக்களைத் தேடிய பூமயில்

தாலுகா ஆபீசில் தணிகாசலம் என்றொரு அதிகாரி. நாற்காலியே அவரைப் பார்த்து எழுந்து நிற்கும், அப்படி ஒரு மிடுக்கு!

ஒருநாள் செங்குளத்து ஜனங்கள் வந்து, "எங்க ஏரி மனு என்னாச்சுங்க?" என்றார்கள்.

"அப்படி ஒரு மனு வரவே இல்லை" என்றவர், கம்ப்யூட்டர் முன்னால் இருந்த தற்காலிக ஊழியர் பூமயிலிடம் திரும்பினார். "பன்னிரண்டாயிரம் மனு இருக்கு. எதெதுல செங்குளம்னு இருக்கு? அஞ்சு நிமிஷத்துல சொல்லு. இல்லேன்னா நாளையிலிருந்து வராதே!"

பூமயில் செங்குளத்தைத் தேடச் சொல்லிக் கம்ப்யூட்டருக்குக் கட்டளை தட்டினாள். மனுவுக்கு ஐம்பது இடத்தில் செங்குளம் என்று புலம்பியிருந்தார்கள் போல. அத்தனை வரியும் திரையில் கொட்டியது.

"இதைப் படிக்கவே பொங்கல் வந்துடும்" என்று சிரித்தார் அதிகாரி.

"ஒரு எழுத்தை விட்டுட்டேன் ஐயா" என்றவள், கட்டளையில் ஒரு கோடும், பேர் மட்டும் போதும் என்று சொல்லும் 'எல்' எழுத்தும் சேர்த்துத் தட்டினாள். திரையில் ஒன்பது கோப்புகளின் பெயர்கள் மட்டும் நின்றன.

"வெறும் பேர்தானா? விஷயம் எங்கே?"

"எதெதுலன்னுதானே கேட்டீங்க? பந்தியில யார் யார்னு கேட்டா, பேரைச் சொன்னா போதாதா? எத்தனை அப்பளம் தின்னாங்கன்னுமா சொல்லணும்?"

"பேரையாவது சத்தமாப் படி தாயி" என்றார் கூட்டத்தில் ஒரு பெரியவர்.

அந்த ஆபீசில் மனுவை யார் முடித்துவைக்கிறாரோ, அவர் பேரைத்தான் கோப்புக்கு வைப்பார்கள். பூமயில் படித்தாள்: "தணிகாசலம் முடித்தது ஒன்று. தணிகாசலம் முடித்தது இரண்டு..."

ஒன்பதும் அவரேதான்.

பெரியவர் கைகூப்பினார். "பேரைக் கேட்டுட்டோம் ஐயா. உள்ளே இருக்கறதைப் படிச்சுக் காட்ட, நாளைக்கும் இந்தப் பொண்ணு வரணும்ல?"