பதினொரு தடவை திரும்பிப் பார்த்தவன்

“உண்மையைச் சொன்னவனும் மன்னிப்புக் கேக்கவேணுமோ, ரீச்சர்?”

தியானம் முடிந்து மற்றவர்கள் போய்விட்டார்கள். திலகேஸ்வரி ரீச்சர் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். குகதாசன் மட்டும் போகவில்லை.

ரீச்சர் மெல்பர்ன் நகரின் தென்கிழக்கில் ஒரு சமூக மண்டபத்தில் ஞாயிறுதோறும் காலையில் தியானம் சொல்லிக்கொடுப்பவர். முன்பு கிளிநொச்சியில் கணக்குப் படிப்பித்தவர் என்பதால் எல்லோருக்கும் ரீச்சர். குகதாசனுக்கு ஐம்பத்தாறு வயது. ரீச்சர் அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஆறு வருடமாக அவரிடம்தான் இவர் தியானத்தில் உட்காரப் பழகுகிறார்.

“ஆரிட்டை கேக்கிற மன்னிப்பு?” என்றார் ரீச்சர்.

“ஒரு பெடியனிட்டை. ஃபூட்டி விளையாடுற பெடியன்.”

“என்ன உண்மை?”

“அவன் பயந்தவன் எண்டு எழுதினனான்.”

ரீச்சர் சுருட்டிய பாயைக் கீழே வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தார். “சொல்லுங்கோ, அண்ணை.”

குகதாசன் சொன்னார்.

இருபத்தேழு வருடமாக அவர் பஸ் ஓட்டுகிறார். இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்திலேயே, கூட வேலை செய்தவர்கள் அவரைக் கெல்பர்ன் கழகத்தின் ஃபூட்டி ஆட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். முட்டை வடிவப் பந்து. அதைக் காலால் உதைத்தும் கையால் குத்தியும் ஓடும், பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். அன்றிலிருந்து அவர் கெல்பர்ன்காரர்.

கழகத்தின் ரசிகர்களுக்கு ஒரு முகநூல் குழு இருந்தது. நாலாயிரம் பேர். டெக்லன் பிரைஸ் என்ற பதினெட்டு வயதுப் பையன் நடுக்கள ஆட்டக்காரனாக அணிக்கு வந்தபோது, குகதாசன் அந்தக் குழுவில் அவனைப் பற்றி எழுதத் தொடங்கினார். திங்கட்கிழமைதோறும் எழுதினார். பந்தை எத்தனை தடவை எடுத்தான், எத்தனை தடவை பறிகொடுத்தான், போன கிழமையைவிட வளர்ந்திருக்கிறானா, பத்துக்கு எத்தனை புள்ளி. முதல் வருடம் முழுவதும் புகழ்ந்தே எழுதினார். இவன் ஒரு நாள் அணியின் தலைவனாவான் என்று முதலில் சொன்னவர் அவர்தான்.

“அப்ப ஒரு முப்பது பேர் வாசிப்பினம். நல்லாயிருக்கு எண்டு ரெண்டு பேர் சொல்லுவினம்,” என்றார்.

இரண்டாம் வருடம் நாலாவது ஆட்டத்தில் டெக்லன் ஒருவனோடு மோதி விழுந்தான். தலையில் அடி. இரண்டு கிழமை வெளியே இருந்தான். திரும்பி வந்தவன் பழைய ஆட்டம் ஆடவில்லை. பந்தை எடுத்ததும் ஒரு கணம் தயங்கி இடது தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்தான். அந்த ஒரு கணத்தில் எதிரணி அவன்மேல் வந்து விழுந்தது.

அதை எவரும் கவனிக்கவில்லை. குகதாசன் கவனித்தார். ஒன்பதாவது ஆட்டத்தில் எண்ணினார். பதினொரு தடவை.

அந்தத் திங்கட்கிழமை இப்படி எழுதினார்: ‘நான் பஸ் ஓட்டுகிறவன். பின்கண்ணாடியையே பார்த்து ஓட்டுகிறவனிடம் நான் பஸ்ஸைக் கொடுக்கமாட்டேன். பையன் பயந்துவிட்டான். பத்துக்கு மூன்று.’

“அறுநூறு பேர் லைக் போட்டவை, ரீச்சர். என்னை ஆரெண்டே தெரியாத ஆக்கள். டிப்போவிலை மனேசர் வந்து கையைக் குடுத்தவர். இருபத்தேழு வருசத்திலை அந்த மனுசன் என்னிட்டை ஒரு அபிப்பிராயம் கேட்டதில்லை.”

ரீச்சர் தலையசைத்தார்.

“பிறகு ஒவ்வொரு கிழமையும் எண்ணினன். ஒன்பது, பதின்மூண்டு, பத்து. நான் எழுதினது ஒண்டும் பொய்யில்லை.”

“பிறகு?”

“சனம் அவனுக்குக் ‘கண்ணாடி’ எண்டு பேர் வைச்சிட்டுது. அவன் பந்தைத் தொட்டாலே மைதானத்திலை ஆயிரம் பேர் கத்துவினம். கண்ணாடி, கண்ணாடி எண்டு.” அவர் நிறுத்தினார். “முதல் தரம் அதைக் கேட்டபோது எனக்குச் சந்தோசமாய் இருந்தது. என்ரை சொல்லெண்டு பக்கத்திலை இருந்தவனுக்குச் சொன்னனான்.”

வருட முடிவில் கழகம் டெக்லனை நீக்கிவிட்டது. அவனுக்குப் பத்தொன்பது வயது.

போன கிழமை அவனுடைய ஊர் வானொலியில் அவன் பேசியதை யாரோ குழுவில் போட்டிருந்தார்கள். அந்த மோதலுக்குப் பிறகு இடது காது கேட்காமல் போய்விட்டது என்று சொல்லியிருந்தான். வெளியே உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயந்து கழகத்துக்குச் சொல்லவில்லையாம். ஆட்டத்தில் கூட்டாளிகள் கத்திக் கூப்பிடுவார்கள். சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அவனுக்குத் தெரியாது. அதனால் பந்தை எடுத்ததும் திரும்பிப் பார்ப்பானாம்.

“குழுவிலை எல்லாரும் அழுகிற முகம் போட்டிருந்தவை. கண்ணாடியைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. நான் மன்னிப்பெண்டு எழுதினன். பிறகு அழிச்சுப்போட்டன். நான் கண்டதைத்தானே எழுதினன், ரீச்சர்? காது கேக்காதெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?”

ரீச்சர் பாயிலிருந்து எழுந்தார்.

“அந்தப் பெடியன் இப்ப எங்கை?”

“மல்லாராவிலை. அவன்ரை சொந்த ஊர். அங்கை உள்ளூர்க் கழகத்துக்கு விளையாடுறானாம்.”

“தூரமோ?”

“மூண்டரை மணித்தியாலம்.”

“சனிக்கிழமை எத்தினை மணிக்கு வெளிக்கிடுவம்?”

*

மல்லாராவில் மைதானத்தைச் சுற்றிக் கார்களை நிறுத்தி, அதற்குள் இருந்தபடியே ஆட்டம் பார்த்தார்கள். கோல் விழுந்தால் ஹார்ன் அடித்தார்கள். குளிர்ந்த காற்று. ரீச்சர் கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு வேலியோரம் நின்றார். அவர் இந்த ஆட்டத்தை முன்பு பார்த்ததில்லை.

“எவன்?”

“இருபத்திமூண்டாம் நம்பர். அந்தா, இடது ஓரத்திலை நிக்கிறான். முந்தி நடுவிலைதான் விளையாடுவான்.”

ரீச்சர் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டாம் கால்பகுதியில் அவன் ஒருவனோடு மோதி விழுந்து, முழங்காலை ஊன்றி எழுந்தான். ரீச்சர் கைதட்டினார். பக்கத்துக் காரில் இருந்த பெண் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தாள்.

“ஏன் தட்டுறியள், ரீச்சர்? பந்து அவங்களிட்டையெல்லோ போயிட்டுது.”

“எழும்பிட்டான்.”

குகதாசன் ஆட்டத்துக்குத் திரும்பினார். சற்று நேரம் கழித்து அவர் வாய் முணுமுணுத்தது.

“மூண்டு.”

“என்ன மூண்டு?”

“இவ்வளவு நேரத்துக்கும் மூண்டு தரம்தான் திரும்பிப் பார்த்திருக்கிறான். நல்லாய்க் குறைஞ்சிட்டுது. நல்ல முன்னேற்…” சொல்லி முடிக்குமுன் தான் சொல்வது அவருக்கே கேட்டுவிட்டது. வலது கையைப் பார்த்தார். மூன்று விரல்கள் மடங்கியிருந்தன. கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். ஆட்டம் முடியும் வரை வெளியே எடுக்கவில்லை.



ஆட்டம் முடிந்ததும் விளையாடியவர்கள் தகரக் கொட்டகையில் தேநீர் குடித்தார்கள். டெக்லன் வாசலில் நின்றான். கன்னத்தில் சேறு காய்ந்திருந்தது. குகதாசன் மூன்றரை மணி நேரமும் காரில் மனதுக்குள் சொல்லிப் பார்த்த ஆங்கில வசனங்களோடு அவனிடம் போனார். ரீச்சர் பின்னால் நின்றுகொண்டார்.

“தம்பி, என்னை உனக்குத் தெரியாது. என் பெயர் குகா. கெல்பர்ன் ரசிகர் குழுவில்…”

டெக்லன் ஓரடி சுற்றி வந்து வலது பக்கத்தை அவருக்குக் காட்டி நின்றான். “மன்னிக்கவேண்டும். இன்னொரு தடவை சொல்லுங்கள்.”

“குகா. கெல்பர்ன் குழுவில் எழுதியவன்.”

டெக்லன் கோப்பையைக் கீழே வைத்தான்.

“திங்கட்கிழமைக் குகாவா?”

“ஓம்” என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் ஆமென்றார். “நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வந்தேன். நீ பயந்தவன் என்று எழுதினேன். கண்ணாடி என்றதும் நான்தான்.”

“தெரியும். ஒவ்வொரு திங்களும் வாசிப்பேன். அம்மா வாசிக்கவேண்டாம் என்பார். அவர் எனக்கு முதலே வாசித்துவிட்டுத்தான் சொல்லுவார்.”

“அந்தச் சனம் கத்தியது…”

“ஒரு பக்கத்தால் கேட்டது,” என்றான் டெக்லன். சிரிக்க முயன்றான். பிறகு தரையைப் பார்த்துப் பேசினான். “பதினொன்று என்று எழுதியிருந்தீர்கள். நான் வீடியோவைப் போட்டு எண்ணிப் பார்த்தேன். சரியாகப் பதினொன்று. கழகத்தில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. கோச் கவனிக்கவில்லை. டாக்டர் கவனிக்கவில்லை. எங்கேயோ இருக்கும் ஒரு மனிதர் கவனித்திருக்கிறார். கண்டுபிடித்துவிட்டார், இனி எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.”

டெக்லன் கன்னத்துச் சேற்றைத் தேய்த்தான்.

“அதேநேரம் ஒரு ஆறுதலும் இருந்தது. இவ்வளவு கவனிக்கிறவர் அடுத்த திங்கட்கிழமை ஏன் என்று கேட்பார் என்று நினைத்தேன். பையன் ஏன் திரும்பிப் பார்க்கிறான், யாராவது கேட்டுப் பாருங்கள் என்று எழுதுவார். யாராவது வந்து கேட்பார்கள். கேட்டால் சொல்லிவிடலாம். நானாகச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.”

“எத்தனை திங்கட்கிழமை காத்திருந்தாய்?” என்றார் குகதாசன்.

“சீசன் முடியும் வரை.”

கொட்டகைக்குள் யாரோ பாட்டுப் போட்டார்கள்.

“இங்கே வந்த முதல் நாளே இந்தக் கோச் கேட்டார்,” என்றான் டெக்லன். “ஏன் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாய் என்று. சொன்னேன். இடது ஓரத்தில் நிற்க வைத்தார். அங்கே நின்றால் மைதானம் முழுவதும் என் நல்ல காதுப் பக்கம். அவ்வளவுதான் செய்தார்.”

குகதாசன் பாடமாக்கி வந்த வசனங்களில் இன்னும் நாலைந்து மிச்சமிருந்தன. “மன்னித்துக்கொள், தம்பி” என்று மட்டும் சொன்னார்.

“பரவாயில்லை,” என்றான் டெக்லன். கையை நீட்டினான். குகதாசன் இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார். உள்ளேயிருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். அவன் தலையைத் திருப்பி அங்குமிங்கும் பார்த்து, கூப்பிட்டவனைக் கண்டுபிடித்து, உள்ளே போனான்.

*

திரும்பும் வழியில் இரு பக்கமும் அறுவடை முடிந்த வயல்கள். வெயில் சரிந்திருந்தது.

“என்ரை கையிலைதான் இருந்தது, ரீச்சர்,” என்றார் குகதாசன். “கண்டது நான். எண்ணினதும் நான். ஒரு வசனம் எழுதியிருந்தால் போதும்.”

ரீச்சர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவனை இடது பக்கம் நிற்பாட்டியிருந்தால் இண்டைக்கும் கெல்பர்னிலை விளையாடிக்கொண்டிருப்பான்.”

“இருக்கலாம்.”

ரீச்சர் அப்படியில்லை என்றாவது சொல்லுவார் என்று குகதாசன் எதிர்பார்த்திருந்தார்.

ஒரு சின்ன ஊர் வந்தது. பெட்ரோல் நிலையம், மூடிய பேக்கரி, ஒரு தேவாலயம். அது கடந்து போனது. குகதாசன் கண்களைத் துடைத்துக்கொண்டார். ஒரு லாரிக்கு வழி விட்டார்.

“இனி நான் எழுதப்போறதில்லை. அந்தக் குழுவிலை இருந்தும் விலகப்போறன்.”

ரீச்சர் சால்வையைச் சரிசெய்துகொண்டார்.

“ஆனா ஒண்டு என்ரை மனசைக் குடையுது, ரீச்சர். அவன் பரவாயில்லையெண்டு சொல்லேக்கை என்ரை முகத்தைப் பார்க்கேல்லை. நான் கவனிச்சனான். கையைக் குடுத்தான், ஆனால் இறுக்கிப் பிடிக்கேல்லை. கூப்பிட்ட உடனை போயிட்டான். எனக்கு விளங்குது, அவன் மரியாதைக்குத்தான் சொன்னவன். மனசாலை அவன் என்னை மன்னிக்கேல்லை.”

“அவனிட்டைக் கேட்டனீங்களோ?” என்றார் ரீச்சர்.