ஆள்காட்டியின் சத்தியம்

ஒரு காட்டில், மழை பெய்து குளம் தளும்பி நின்ற ஐப்பசி மாதம் அது. கரையில் ஓர் ஆள்காட்டிக் குருவி இருப்புக்கொள்ளாமல் அலைந்தது. நாலடி ஓடும், நிற்கும், வானத்தைப் பார்க்கும். வடக்கேயிருந்து ஊசிவால் வாத்துகள் வரும் நேரம் அல்லவா? ஓர் ஆண்டாக அதற்காகத்தான் காத்திருந்தது.

ஆனால் கூடவே ஒரு பயமும் இருந்தது. எதைக் கண்டாலும் கத்திவிடும் வாய் அதற்கு. போன ஆண்டு, தண்ணீர் குடிக்க வந்த எருமையைப் பார்த்து அது போட்ட கூச்சலில், இறங்க வந்த வாத்துகள் அப்படியே பறந்து போய்விட்டன. குளமே சேர்ந்து திட்டித் தீர்த்தது. இந்த ஆண்டு வாயே திறப்பதில்லை என்று கொக்கிடம் சத்தியம் செய்து கொடுத்திருந்தது குருவி.

அதோ, மேகத்துக்குக் கீழே ஒரு நீண்ட வரிசை! குருவிக்குத் தலைகால் புரியவில்லை. வாத்துகள் வட்டமிட்டுத் தாழ்ந்தன.

அப்போது கோரைப் புதர்ப் பக்கம் தவளைகளின் சத்தம் சட்டென்று நின்றது. பக்கத்தில் காலடி பட்டால்தான் அவை அப்படி வாயடைத்துப் போகும். குருவி திரும்பிப் பார்த்தது. புல்லுக்குள் ஒரு நரி பதுங்கியிருந்தது.

நரி பதறவே இல்லை. "கத்தப் போகிறாயா? கத்து. இந்த ஆண்டும் போய்விடுவார்கள், பழி உன் தலையில்தான் விழும்" என்று மெல்லச் சொன்னது. "எனக்கு வேண்டியது ஒரே ஒரு வாத்து. மற்றவர்களைத் தை மாதம் வரை நீ ஆசைதீரப் பார்த்துக்கொண்டிரு."

குருவி குளத்தின் பக்கம் திரும்பியது. முன்னால் வந்த வாத்து தண்ணீரைத் தொட இன்னும் ஒரு முழம்தான். கழுத்தின் வெள்ளைக் கோடுகூடத் தெரிந்தது. எவ்வளவு அழகு!

குருவி தொண்டை கிழியக் கத்தியது.

வாத்துகள் விருட்டென்று எழும்பின. பாய்ந்த நரி சேற்றில் குப்புற விழுந்து, மூக்கெல்லாம் சேறாக ஓட்டம் பிடித்தது. வானம் வெறிச்சோடிப் போனது. கொக்கு முறைத்தது. குருவிக்கு அழுகையே வந்துவிட்டது.

சற்று நேரத்தில் மேலே சிறகுச் சத்தம் கேட்டது. போன கூட்டம் முழுவதும் திரும்பி வந்து குளத்தில் இறங்கியது.

"நீங்கள் போகவில்லையா?" என்று திணறியது குருவி.

"நரி ஓடியதை மேலிருந்து பார்த்தோம்" என்றது கூட்டத்தின் தலைவி. "வழியில் எத்தனையோ அமைதியான குளங்களில் இறங்கினோம். ஒவ்வொன்றிலும் ஒருவரை இழந்தோம். கத்துவதற்கு ஒருவர் இருக்கும் குளத்தில்தான் எங்களுக்குத் தூக்கம் வரும்."

நீதி: கெட்ட பெயர் வருமே என்று பயந்து, கண்ணில் பட்ட ஆபத்தைச் சொல்லாமல் இருக்காதே.